உப்புக்காற்றில் ஒரு பழைய கேமிங் கம்ப்யூட்டர்: குறைந்த காசில் மேம்படுத்த, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளியில் கம்ப்யூட்டர் சரிபார்ப்பது என் தொழில். கிழக்கே மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம். மேற்கே ராமநாதபுரம். தெற்கே கடலோரமாகப் போனால் பெரியபட்டினம், கீழக்கரை. என் மேசைக்கு வருகிற சிபியுக்களில் நிறைய, எட்டுப் பத்து வருடம் முன்பு கேம் ஆடுவதற்காக வாங்கியவை, அல்லது அண்ணன் ஆடி முடித்துத் தம்பிக்கு விட்டவை. வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?" என்பதுதான். கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து தருகிற அந்தக் கார்டைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் மூடியைத் திறந்து பார்ப்போம் என்பேன். நம் கரையில் பழைய கம்ப்யூட்டருக்கு வருகிற தொல்லையில் பெரும்பங்கு உப்பால் வருகிறது. அதைக் கவனிக்காமல் புதுப்பொருள் எதைப் போட்டாலும் காசு கடலில் போட்ட மாதிரிதான். திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அண்ணே, வாங்கினப்ப ஜிடிஏ 5 நல்லா ஓடுச்சு. இப்ப அதே கேம், அதே செட்டிங்ஸ், திணறித் திணறி லேக் அடிக்குது. சிஸ்டத்துக்கு வயசாயிருச்சா?

அதே கேம், அதே செட்டிங்ஸ் என்றால் வயதைச் சந்தேகிக்க வேண்டாம், சூட்டைச் சந்தேகியுங்கள். பத்து வருடம் ஓடியதால், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் வேகம் பாதியாகிவிடாது. சூடு எல்லை தாண்டினால்தான் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பாம்பன் தென்கடல் ஓரத்து வீட்டிலிருந்து கல்லூரி முதல் வருடப் பிள்ளை ஒருவர் கொண்டுவந்த சிஸ்டத்தைச் சொல்கிறேன். ஐ5 4460 பிராசசர், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு. பக்கவாட்டுத் தகட்டின் நான்கு திருகில் இரண்டு திரும்பவே இல்லை, தலை துருவில் கரைந்து வழவழவென்று ஆகிவிட்டது. கழற்றியதும் பிராசசர் மேல் இருக்கிற ஃபேன் தெரிந்தது. மதுரைப் பக்கத்து சிபியுவில் தூசி இருந்தால் புளோயர் வைத்து ஊதினால் பறந்துவிடும். இது பறக்கவில்லை. விரலால் தொட்டால் களிம்பாக ஒட்டியது. ஃபேனுக்குக் கீழே அலுமினிய இதழ்களின் இடைவெளி முழுக்க அந்தக் களிம்பு காய்ந்து கம்பளித்துணி போல மூடியிருந்தது. இதழ்களின் ஓரத்தில் வெள்ளைப்பொடி பூத்திருந்தது. அப்படியே மாட்டி கேமை ஓடவிட்டேன். ஐந்து நிமிடத்தில் சூடு 98 டிகிரி, பிராசசர் வேகம் சரசரவென்று இறங்கியது. ஹீட்சிங் என்கிற அந்த இதழ்க்கட்டைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாக வைத்து மாட்டிய பிறகு அதே கேமில் 70ஐச் சுற்றியே நின்றது. லேக் போய்விட்டது. அந்தத் தம்பி கார்டு வாங்கவென்று கொண்டுவந்த பணத்தை முழுசாகத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

உப்பு அப்படி என்ன செய்யும்? வீட்டுக்குள்ளதானே இருக்கு?

கடல்காற்றில் மிதந்து வருகிற உப்பு வீட்டுக்குள் வராமல் இருக்க வழியில்லை. கண்ணாடி ஜன்னலில் நாக்கை வைத்தால் கரிக்கிற ஊர் இது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரத்திலேயே நீரை இழுக்கும். அதனால்தான் நம் ஊர்த் தூசி எப்போதும் பிசுபிசுவென்று இருக்கிறது. ஈரமான உப்பு மின்சாரம் கடத்தும். கரண்ட் ஓடுகிற மதர்போர்டில் அது படிந்தால் செப்பு பச்சை பிடிக்கிறது, சாலிடர் கறுக்கிறது, ராம் சொருகும் இடத்தில் தொடர்பு விட்டு விட்டு வருகிறது.

பாம்பன் ரயில் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914ல் திறந்த பழைய பாலத்தை வருடம் முழுக்கப் பெயிண்ட் அடித்தும் உப்பு விடவில்லை, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பாதுகாப்புப் பூச்சும் தேவைப்பட்டன. நம் கேபினட் மெல்லிய தகரம்.

வீட்டில் எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்பதிலேயே பாதி வித்தியாசம் வரும். வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசி முதல் தை வரை வடகடல் பக்கத்து ஜன்னலும், கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில் தென்கடல் பக்கத்து ஜன்னலும் உப்பைக் கொண்டுவரும். சிபியுவை அந்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். தரையில் வைக்காதீர்கள், ஒரு மரப்பலகை மேலாவது ஏற்றுங்கள். மாதக்கணக்கில் அணைத்துப் போடாதீர்கள். தினம் ஒரு மணி நேரம் ஓடுகிற சிஸ்டம் தன் சூட்டிலேயே உள்ளே இருக்கும் ஈரத்தைப் போக்கிக்கொள்ளும். மூடிவைத்து விடுமுறைக்குப் போன சிஸ்டம்தான் திரும்பி வந்து போட்டால் டிஸ்ப்ளே வராமல் நிற்கும். அணைத்துச் சூடு ஆறிய பிறகு பருத்தித் துணி போட்டு மூடலாம். ஓடும்போது மூடவே கூடாது.

வீட்டிலேயே சுத்தம் செய்யலாமா?

செய்யலாம். மழை தூறுகிற நாளில் வேண்டாம், வெயில் நன்றாக அடிக்கிற முற்பகலில் ஆரம்பியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், உள்ளே தேங்கிய கரண்ட் இறங்கிவிடும். பெயிண்ட் பிரஷ் ஒன்று, மெடிக்கல் கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில், தெர்மல் பேஸ்ட் ஒரு சின்ன டியூப், பென்சில் ரப்பர் ஒன்று. இவ்வளவுதான் தேவை. ஆல்கஹால் 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். கையில் தேய்க்கும் சானிடைசர் உதவாது, அதில் தண்ணீரும் பிசினும் உண்டு. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

ராமைக் கழற்றி அடியிலிருக்கும் தங்க நிறப் பட்டையை ரப்பரால் மெதுவாக, ஒரே திசையில், நான்கைந்து இழுப்பு இழுங்கள். அழுத்தித் தேய்த்தால் மேலே இருக்கிற மெல்லிய பூச்சு போய்விடும், அப்புறம் உப்புக்கு இன்னும் வசதி. ரப்பர் துகளை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டுச் சொருகுங்கள். கிராபிக்ஸ் கார்டின் பட்டைக்கும் இதேதான். "டிஸ்ப்ளே வரலை, போர்டு போச்சு" என்று என்னிடம் வந்ததில் எத்தனையோ சிஸ்டம் இந்த ஐந்து நிமிட வேலையில் உயிர் பெற்றிருக்கிறது.

ஃபேனைப் புளோயரால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்கைக் கழுவினால் அரை நாள் வெயிலில் காயவிடுங்கள். எல்லாப் பொருளுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஆளைத் தூக்கிப்போடுகிற மின்னழுத்தம் நிற்கும்.

கடலோர வீடென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ராமநாதபுரம் டவுனுக்குள் என்றால் ஆறு மாதம் போதும்.

சுத்தம் பண்ணிட்டேன். இன்னும் பத்தலை. எந்தப் பொருளை மாத்தணும்னு எப்படித் தெரியும்?

கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல் நின்று, பிராசசர் 60, 70ல் இருந்தால் கார்டுதான் திணறுகிறது. பிராசசர் 100ஐத் தொட்டு கார்டு 50ல் சும்மா நின்றால் புதுக் கார்டு போட்டும் பலன் இல்லை. ராம் 90ஐத் தாண்டி டிஸ்க்கும் 100ல் நின்றால் ராம் பற்றாக்குறை.

சந்தேகம் இருந்தால் இன்னொரு சோதனை: கேமின் ரெசல்யூஷனை 1080லிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்ற எண், நன்றாக ஏறினால் கார்டு பலவீனம். ஏறவே இல்லையென்றால் பிராசசர்தான் தடை. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. இதைச் செய்யாமல் என்னிடம் கார்டு கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கையில பத்தாயிரம்தான் இருக்கு. முதல்ல என்ன வாங்க?

இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலேயே விண்டோஸ் ஓடுகிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க்கில் ஊசி போல ஒன்று தட்டின் மேல் அங்குமிங்கும் ஓடித் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் அந்த ஓட்டம் இல்லை. சாட்டா வயரில் மாட்டும் எஸ்எஸ்டி விநாடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும். எஃப்பிஎஸ் எண் பெரிதாக ஏறாது. ஆனால் மேப் திறக்க ஆகும் நேரம், வண்டியில் வேகமாகப் போகும்போது கட்டடம் தாமதமாக முளைப்பது, திடீர் திடீரென்று நின்று ஓடுவது, இவையெல்லாம் குறையும். 4ம் தலைமுறை இன்டெல் வரை உள்ள சின்னப் போர்டுகளில் நேரே போர்டில் சொருகும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு இடமே இருக்காது, சாட்டாவே வாங்குங்கள். எச்81 என்ற விலை குறைந்த வகைப் போர்டு என்றால் நான்கு சாட்டா வாயில் இரண்டுதான் முழு வேகம், அதில் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ராம். 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் இன்னொரு 8 போட்டு இரண்டு குச்சியாக்குங்கள். இரண்டு குச்சி இருந்தால் பிராசசருக்கு ராமோடு பேச இரண்டு பாதை கிடைக்கும், கேமில் எஃப்பிஎஸ் ஒரேயடியாக விழுவது இதனாலேயே குறையும். பழைய தலைமுறை டிடிஆர்3 ராம், அடுத்த தலைமுறை டிடிஆர்4 போர்டில் சேராது, பழைய ராமின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 2025 இறுதியிலிருந்து புது ராமின் விலை கடுமையாக ஏறிவிட்டது. அதனால் பழைய சிஸ்டத்துக்கு செகண்ட் ஹேண்ட் ராமே போதும், கெட்டுப்போகிற வாய்ப்பு மிகக் குறைந்த பொருள் அது. டிடிஆர்4 வைத்திருப்பவர்கள் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 3200 என்று எழுதியிருக்கும் ராம் பலவும், அது போடாவிட்டால் 2133லோ 2400லோதான் ஓடும்.

மீதிப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கா? அது கேமுக்கு என்ன செய்யும்? 450 வாட்ஸ்னு போட்டிருக்கே, போதாதா?

கேமுக்கு ஒன்றும் செய்யாது. மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். இதில் நான் பிடிவாதக்காரன்.

மேலே பெரிதாக 450 என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் ஒன்றில் 18 ஆம்ப் என்று இருக்கிறது என்று வைப்போம். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வாட். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் பயன்படுவது அவ்வளவுதான். ஐ5 4460க்கு 84 வாட், ஆர்எக்ஸ் 580க்கு 185 வாட். கூட்டினால் 269. சாதாரணமாக டெஸ்க்டாப்பில் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கேம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் பொட்டென்று அணையும். அணைந்தால் நல்ல காலம். அணையாமல் வோல்டேஜ் தாறுமாறாகப் போனால் போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு சிஸ்டத்தில் அப்படித்தான் வாங்கி நான்கு நாளே ஆன கார்டு எரிந்துபோனது. பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடித்த பணம் எழுநூறோ எண்ணூறோ. அந்தப் பிள்ளை கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மோந்து பார்த்தபடி நின்றது எனக்கு மறக்கவில்லை.

கரண்டை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் சான்று பெற்ற, 12 வோல்ட்டில் குறைந்தது 35 ஆம்ப் தருகிற 450 அல்லது 500 வாட் எஸ்எம்பிஎஸ், ஐந்து வருட வாரண்டியோடு புதிதாக வாங்குங்கள். இதை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். இன்று வாங்கினால் அடுத்த சிஸ்டத்துக்கும் இதுவே போகும்.

யுபிஎஸ் பற்றியும் கேட்பார்கள். 600 விஏ என்று விற்பது பொதுவாக 360 வாட்தான் தாங்கும். கேமை சேவ் செய்து அணைக்க இரண்டு நிமிடம் கிடைத்தால் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இடி மின்னல் நேரத்தில் கரண்ட் பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் பிடுங்குங்கள்.

கேபினட்டைத் தொட்டா சுருக்சுருக்குனு அடிக்குது. பழகிருச்சு, விட்டுரலாமா?

விடவே கூடாது. வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம் அது. எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர் உண்டு, அவை கசியவிடுகிற துளி கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் தகரத்தில் ஏறக்குறைய 115 வோல்ட் நிற்கும். கரண்ட் மிகக் குறைவென்பதால் சுருக்கென்பதோடு போகிறது. ஆனால் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகும்போது அதுவே கார்டின் வாயைப் பொசுக்கக்கூடும். நம் பக்கம் மணல் தரை, கோடையில் காய்ந்துவிடும். உப்பு மண்ணில் எர்த் குழாயும் துருப்பிடித்துத் துண்டாகிவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்து, தேவைப்பட்டால் புதிதாகப் போடுங்கள். கார்டு வாங்கும் முன் செய்ய வேண்டிய செலவு.

சரிண்ணே, இப்பவாவது கார்டு சொல்லுங்க.

சொல்கிறேன். எஸ்எம்பிஎஸ் மாற்ற வழியே இல்லை, கூடுதல் பவர் வயரும் இல்லை என்றால் போர்டிலிருந்தே கரண்ட் எடுக்கிற கார்டுதான். போர்டின் சொருகிடம் 75 வாட் வரை தரும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650ல் வயர் கேட்காத மாடல்கள், 2024ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050ன் 6 ஜிபி மாடல், இவை அதற்குள் அடங்கும். மூன்றில் கடைசியானதுதான் என் விருப்பம். 1050 டிஐ, 1060 போன்ற பழைய என்விடியா கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் மென்பொருள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். வேலரன்ட், சிஎஸ் 2, ஜிடிஏ 5 மட்டும் ஆடுகிறவருக்கு அதனால் குறையொன்றுமில்லை.

நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்தால் ஆர்எக்ஸ் 6600. 8 ஜிபி மெமரி, 132 வாட் மட்டும், ஒரே ஒரு 8 பின் வயர். 1080ல் ஆடுகிறவருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் கருத்து. கொஞ்சம் கூடுதல் கிடைத்து ஆர்டிஎக்ஸ் 3060ன் 12 ஜிபி மாடல் நல்ல நிலையில் வந்தால் அதையும் எடுக்கலாம், 170 வாட் இழுக்கும். இன்று புதிதாக 4 ஜிபி கார்டு வாங்காதீர்கள்.

ஒரு கார்டைப் பற்றி எச்சரிக்கை: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. புதுசு, விலை குறைவு என்று ஆசை காட்டும். அது போர்டோடு நான்கு பாதையில் மட்டும்தான் பேசும். புதுப் போர்டில் ஒவ்வொரு பாதையும் அகலம், சமாளித்துவிடும். எச்81 போர்டில் கார்டு சொருகும் இடமே பழைய, குறுகலான பிசிஐஇ 2.0, அங்கே இது மூச்சுத்திணறும். 6600க்கு எட்டுப் பாதை இருப்பதால் கொஞ்சம் இழந்தாலும் ஓடும்.

காசு செலவில்லாத ஒன்றும் உண்டு. கேமின் செட்டிங்ஸில், சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் இருந்தால் குவாலிட்டியில் போட்டுப் பாருங்கள், பழைய என்விடியா கார்டிலும் வேலை செய்யும். நிழல் செட்டிங்கை ஒரு படி இறக்குங்கள். கார்டு வாங்கும் எண்ணத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க இதுவே சிலருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

ஓடவிட்டுப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். அரைமணி நேரம் கனமான கேமோ ஃபர்மார்க் சோதனையோ ஓட வேண்டும். திரையில் புள்ளி, கோடு, நிறம் மாறுவது எதுவும் வரக்கூடாது. சூடு 85க்குள் நிற்க வேண்டும். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து பாருங்கள். பழைய மட்டமான கார்டில் பெயரை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்கிற போலி அதில் மாட்டிக்கொள்ளும். ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் எண்ணிக்கை 2304 இருக்கிறதா பாருங்கள், 2048 என்று காட்டினால் அது பலம் குறைந்த வகை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மைனிங் (கிரிப்டோ நாணயம் எடுக்க இரவுபகலாக ஓட்டுவது) செய்த கார்டா என்று பயப்படுகிறார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தின் முறை மாறி, அதற்குக் கார்டு தேவைப்படாமல் போனதும் ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. அதில் ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும், சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எனக்கு அதைவிடக் கடலோரக் கார்டின் மேல்தான் பயம். திரையைச் சொருகும் பக்கத்துத் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். திருகைச் சுற்றித் துருவோ எச்டிஎம்ஐ வாயில் பச்சையோ இருந்தால், உள்ளேயும் அதே இருக்கும். கோயம்புத்தூர், மதுரைப் பக்கத்துக் கார்டு நம் ஊர்க் கார்டைவிட நீண்ட நாள் உழைப்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் எத்தனை நாள் மாற்றித் தருவார்கள் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பஸ்ஸில் சிபியுவோடு வரும்போது கார்டைக் கழற்றித் தனியாகத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மாட்டியபடி கொண்டுவந்தால் குலுங்கலில் சொருகிடம் உடையும்.

எங்க காக்கா துபாய்ல இருந்து வர்றாங்க. கார்டு வாங்கிட்டு வரச் சொல்லவா? (கீழக்கரையிலிருந்து; அங்கே காக்கா என்றால் அண்ணன்)

இங்கே விலை விசாரித்து, 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட, இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள். பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லும். கெட்டால் காக்கா திரும்பிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். பில்லைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் கேட்பார்கள். வித்தியாசம் இரண்டாயிரம் மூவாயிரம்தான் என்றால் இங்கேயே வாங்குங்கள்.

என்னது ஆபீஸ்ல கழிச்ச சின்ன சிபியு. கார்டு போடலாமா?

மூடியைத் திறந்து உயரத்தை அளங்கள். ஒல்லியான கேபினட் என்றால் பாதி உயரக் கார்டுதான் நுழையும். அதோடு, சில ஆபீஸ் சிபியுக்களில் எஸ்எம்பிஎஸ்ஸின் பின் வேறு மாதிரி, கடையில் விற்பது சேராது. அப்படியிருந்தால் 75 வாட்டுக்குள் பாதி உயரக் கார்டு ஒன்று போட்டு நிறுத்துங்கள்.

பிராசசர் மட்டும் மாத்தலாமா? இல்ல போர்டோட மாத்தணுமா?

போர்டைப் பொறுத்தது. ஐ5 4460 வைத்திருப்பவர் அதே போர்டில் ஐ7 4790 போடலாம். அதே 84 வாட், நான்கு கோருக்கு எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை. முதலில் போர்டின் பயாஸைப் புதுப்பியுங்கள். செகண்ட் ஹேண்டில் நியாயமாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் டிடிஆர்3 போர்டில் போடும் காசு அங்கேயே தங்கிவிடும், அடுத்த சிஸ்டத்துக்கு வராது.

ஏஎம்டியின் ரைசன் பிராசசர் மாட்டும் ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017ல் முதல் ரைசனோடு வாங்கிய போர்டுகளில் பலவும் பயாஸ் புதுப்பித்தால் ரைசன் 5 5600ஐ ஏற்கும். போர்டு கம்பெனியின் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதே ராம், அதே எஸ்எஸ்டி, பிராசசர் மட்டும் புதுசு. குறைந்த காசில் இவ்வளவு பெரிய ஏற்றம் வேறெதிலும் கிடைப்பதில்லை. இன்டெல் 6, 7ம் தலைமுறைப் போர்டில் 8ம் தலைமுறைப் பிராசசர் போடலாமா என்று கேட்பார்கள். அளவு ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஓடாது.

முழுதாக மாற்றுவதென்றால் டிடிஆர்4 போர்டோடு 5600 அல்லது ஐ3 12100எஃப் எடுங்கள். ராம் விலை இப்படி இருக்கும்போது டிடிஆர்5க்குத் தாவ இது நேரமில்லை.

விண்டோஸ் 10 நின்னுருச்சாமே?

2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான திருத்தங்கள் நின்றன. 11க்கு இன்டெல் 8ம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசை, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய சிஸ்டத்தில் குறுக்குவழியில் 11ஐ ஏற்றிக்கொண்டு வேலரன்ட் ஆட நினைப்பவர்கள் கவனியுங்கள்: 11ல் அந்த கேம் டிபிஎம்மும் செக்யூர் பூட் என்ற இன்னொரு பாதுகாப்பும் கேட்கும். பத்திலேயே இருப்பவர்கள் அந்த சிஸ்டத்தில் பேங்க் வேலை, யுபிஐ எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எஃப்பிஎஸ் 100 காட்டுது, ஆனா சுடும்போது எதிரி ரப்பர் மாதிரி இழுத்துட்டுப் போறான்.

அது பிங், அதாவது கேம் சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் தாமதம். கம்ப்யூட்டரில் எதை மாற்றியும் தீராது. வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுங்கள். அதன் முனையின் உலோகப் பின்னிலும் உப்பு படியும், வருடம் ஒருமுறை முனையை வெட்டிப் புதிதாக கிளிப் அடியுங்கள்.

தம்பி, எங்க மீன்பிடி போட்டு கரையில நிக்கிது, தடைக்காலம். இவன் கம்ப்யூட்டருக்குப் பதினஞ்சாயிரம் கேட்டு மூணு நாளா சோறு திங்காம கிடக்கான். வாங்கிக் குடுக்கணுமா?

அக்கா, இப்போது வேண்டாம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போக முடியாது, வீட்டில் இருப்பதை எடுத்து இதில் போடக் கூடாது. அவனை சிபியுவோடு என்னிடம் அனுப்புங்கள். திறந்து கழுவி, பேஸ்ட் வைத்து, ரப்பர் போட்டுத் துடைத்து, எது குறை என்று அவனையே பார்க்கச் சொல்கிறேன். அதற்கு ஆகிற செலவு ஒரு டியூப் பேஸ்ட்தான். தடை முடிந்து இரண்டு மூன்று முறை மீன்பாடு நன்றாக வந்த பிறகு எஸ்எம்பிஎஸ்ஸும் எஸ்எஸ்டியும் வாங்குவோம். கார்டு தீபாவளிக்கு, அதுவும் அப்போது தேவைப்பட்டால். அவனிடம் நானே பேசுகிறேன், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.